தண்டிக்கும்போது ஊழியர், கோப்பு கேட்டால் வெளியாள்

திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகமான வேலுநாச்சியார் வளாகத்தில் ஓய்வூதியர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் நாளில் வரும் மனுக்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். அகவிலைப்படி நிலுவை, ஓய்வூதியக் கொடுப்பாணையில் பெயர்ப் பிழை, மருத்துவக் காப்பீட்டில் வராத தொகை, குடும்ப ஓய்வூதியத்துக்கான சான்று என்று வருபவை ஒரு வகை. இவற்றுக்குக் கருவூலமோ துறையோ இந்தக் கூட்டத்தில் இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் ஒரு வழி சொல்லிவிடும். இன்னொரு வகை மனுவுக்கு எத்தனை முறை வந்தாலும் ஒரே வரிதான் பதில்: ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளது. பணிக்கொடை நிற்கிறது, கமுட்டேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடான மொத்தத் தொகை) நிற்கிறது, தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வருகிறது. அந்த நடவடிக்கையில் அவரை யார், எப்போது கூப்பிட்டு என்ன கேட்டார்கள் என்று விசாரிக்க அந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் இல்லை. மனுதாரர் கும்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்.

ஓய்வுபெற்ற ஒருவர்மீது துறை விசாரணை நடத்தலாமா? தாராளமாக நடத்தலாம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன் 9-வது விதி அதற்கு இடம் தருகிறது. பணியில் இருக்கும்போதே தொடங்கிய நடவடிக்கை என்றால், அவர் பணியில் தொடர்ந்திருந்தால் எப்படி நடக்குமோ அதே முறையில் ஓய்வுக்குப் பிறகும் நடத்தி முடிக்கலாம். ஓய்வுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவதென்றால் இரண்டு தடுப்புகள் உண்டு: அரசின் அனுமதி வேண்டும், நிகழ்வு நடந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கிய நாள்தான் நடவடிக்கை தொடங்கிய நாள். கடைசி வாரத்து மெமோ என்று அலுவலகங்களில் சொல்கிறார்களே, அதன் காரணம் இதில்தான் இருக்கிறது. ஏழு வருடம் தூங்கிய கோப்பு ஓய்வுபெறும் மாதத்தில் விழித்துக்கொள்கிறது. 31-ஆம் தேதிக்குள் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கையில் கொடுத்துவிட்டால் நான்காண்டு வரம்பும் இல்லை, அரசின் முன் அனுமதியும் வேண்டாம். அதற்குப் பிறகு விசாரணை எத்தனை ஆண்டு இழுத்தாலும் துறைக்கு எந்த நட்டமும் இல்லை.

'அவர் பணியில் தொடர்ந்திருந்தால் எப்படியோ அப்படி' என்ற அந்தச் சொற்றொடரைத் துறைகள் பாதியாகத்தான் படிக்கின்றன. குற்றம் சாட்டவும், பணத்தை நிறுத்தவும், ஓய்வூதியத்தை வெட்டவும் அவர் இன்னும் பணியில் இருப்பவர். கோப்பைப் பார்க்க வேண்டும், பதிவேட்டின் நகல் வேண்டும், கூட வேலை பார்த்தவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்று கேட்டால் அவர் வெளியாள். ஓய்வுபெற்றவர் மீதான விசாரணைகளில் நடக்கும் அநீதியின் வேர் இந்த இரட்டை வேடம்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலையில் ஒரு குளம் தூர்வாரிய பணிக்குப் பட்டியல் போட்டவர் அவர். என்.எம்.ஆர் எனும் வருகைப் பட்டியலில் இருக்கும் ஆள் கணக்குக்கும் எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கும் பொருந்தவில்லை என்று தணிக்கைத் தடை வருகிறது. ஓய்வுக்கு முந்தைய வாரம் குறிப்பாணை வருகிறது. அதில் நான்கு இணைப்புகள்: குற்றச்சாட்டு, அதற்கு அடிப்படையான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். மூன்றாவது இணைப்பைத் திறந்து பார்த்தால் பட்டியல் இருக்கிறது, காசோலை எண் இருக்கிறது, தணிக்கை அறிக்கையின் பத்தி இருக்கிறது. குறிப்புக் கோப்பு மட்டும் இல்லை. 'அளவு சரிபார்த்த பின் பட்டியலை அனுமதிக்கலாம்' என்று அவர் தன் கையால் எழுதியதும், மேலே இருந்தவர் அதைத் தாண்டிக் கையெழுத்திட்டதும் அந்தக் குறிப்புக் கோப்பில்தான் இருக்கின்றன. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும், கடைநிலை, இடைநிலை ஊழியரைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதம் குறிப்புக் கோப்பின் அந்தப் பச்சைத் தாள்தான். பணியில் இருந்திருந்தால் பதிவறைக்குப் போய்த் தானே எடுத்துப் பார்த்திருப்பார். குறைந்தபட்சம் கோப்பு எண்ணையாவது தபால் பதிவேட்டில் தேடியிருப்பார். இப்போது அவர் வாசலில் நிற்கும் ஆள். எழுதிக் கேட்டால், குற்றச்சாட்டுக்குத் தொடர்பில்லாத ஆவணம் என்று பதில் வரும், அல்லது பதிலே வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் விசாரணை நிலுவையில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். இதற்கிடையே பதினைந்து நாளில் விளக்கம் தராவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை எனக் கருதப்படும் என்று குறிப்பாணையின் கடைசிப் பத்தி எச்சரிக்கிறது.

இது சட்டத்தில் உள்ள குறை அல்ல. காசிநாத் தீட்சிதா வழக்கில் 1986-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் காவல் அதிகாரிக்கு எதிராக 38 சாட்சிகள், 112 ஆவணங்கள். நகல் தர மாட்டோம், வேண்டுமானால் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள் என்றார்கள். நகல் இல்லாமல் எந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியும் என்று கேட்டு, பணியிலிருந்து நீக்கிய உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. உத்தரப் பிரதேச அரசுக்கும் சரோஜ் குமார் சின்ஹாவுக்கும் நடந்த வழக்கில் 2010-இல் இன்னும் ஒரு படி மேலே போனது: விசாரணை அலுவலர் துறையின் வக்கீல் அல்ல, எதிர்த்தரப்பு வராவிட்டாலும் துறையின் சாட்சியங்கள் குற்றத்தை நிரூபிக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது அவர் கடமை. தீர்ப்புகள் இருக்கின்றன. வேடசந்தூர் அலுவலகத்தின் மேசைவரை அவை வந்து சேரவில்லை.

காலதாமதம் ஆவணத்தைச் சட்டப்படியே அழித்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் அரசு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுகிறோம். ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம். எல்.டிஸ் என்று முடித்த கடிதம் ஓராண்டில் போய்விடும். எட்டு ஆண்டுக்கு முந்தைய செயலுக்கு இன்று விளக்கம் கேட்டால், அன்று 'இதில் எனக்கு ஆட்சேபம் உண்டு' என்று அவர் அனுப்பிய கடிதம் பழைய காகிதக் கடைக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். தணிக்கை அறிக்கை மட்டும் பத்திரமாக இருக்கும். ஒரு தரப்பின் சாட்சியம் கெட்டியாகவும் இன்னொரு தரப்பின் சாட்சியம் கரைந்துபோயும் இருக்கும் நிலையில், 'உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்' என்று அழைப்பது வாய்ப்பு ஆகாது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தில் பொறியாளராக இருந்த பி.வி. மகாதேவனுக்கு, 1990-இல் ஒரு விற்பனைப் பத்திரம் வழங்கியதில் முறைகேடு என்று 2000-ஆம் ஆண்டில் குற்றச்சாட்டு வந்தது. தணிக்கையில்தான் தெரியவந்தது என்று வாரியம் சொன்ன காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்தாண்டு கழித்து வந்த குறிப்பாணையை 2005 ஆகஸ்டில் ரத்து செய்து, ஓய்வுக்காலப் பலன்களை மூன்று மாதத்துக்குள் கொடுக்கச் சொன்னது. நீண்ட விசாரணையின் மன வேதனை, கடைசியில் கிடைக்கக்கூடிய தண்டனையைவிடப் பெரிது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. பிரேம்நாத் பாலி வழக்கில் 2015-இல், துறை விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்றது. இந்த ஓராண்டு இன்றைக்கும் ஒரு நல்லெண்ண வேண்டுகோளாகத்தான் நடத்தப்படுகிறது. தாண்டினால் என்ன ஆகும் என்று நமது விதியில் எங்கும் எழுதப்படவில்லை.

விசாரணை நாளுக்கு வருவோம். அறுபது வயதைக் கடந்தவர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர், கொடைக்கானல் மலைக்கு மேலேயோ நத்தத்துக்கு அப்பாலோ குடியிருப்பவர். விசாரணை அலுவலர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். கோப்பும் அவரோடு போயிருக்கும். முதல் நாள் விசாரணை அலுவலர் ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டார், இரண்டாம் நாள் சாட்சி வரவில்லை, மூன்றாம் நாள் இவருக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மட்டும் 'ஆஜராகவில்லை' என்று பதிவாகி, எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலை விசாரணை ஆகிறது. 1973-இல் கன்ஷியாம் தாஸ் ஸ்ரீவஸ்தவா வழக்கில் இதே நிலைமையைத்தான் உச்ச நீதிமன்றம் பார்த்தது. வன அலுவலரான அவர் ரேவாவில் இருந்தார். விசாரணை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி ஜகதல்பூரில். தற்காலிகப் பணிநீக்கக் காலத்துப் பிழைப்பூதியம் கொடுக்காததால் போக்குவரத்துக்கே பணமில்லாமல் அவரால் போக முடியவில்லை. அவர் வராதது அவர் குற்றமல்ல, வாய்ப்பு மறுக்கப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. பணியில் இருந்தபோது குடியிருந்த அரசுக் குடியிருப்பு முகவரிக்கே பதிவுத் தபால் அனுப்பி, 'ஆள் இல்லை' என்று திரும்பியதும் ஒருதலையாக முடித்துவிடும் வழக்கமும் இருக்கிறது. அப்படித் திரும்பி வந்த குறிப்பாணை வழங்கப்பட்டதாகவே ஆகாது என்று 1998-இல் கரேகர் வழக்கில் தீர்ப்பு வந்தாயிற்று.

ஓய்வூதியத்தை வெட்டும் அதிகாரம் மாவட்ட அலுவலரிடம் இல்லை, அரசிடம்தான் இருக்கிறது. இதை ஒரு பாதுகாப்பு என்று நினைத்துத்தான் விதியை எழுதியிருப்பார்கள். நடைமுறையில் கோப்பு திண்டுக்கல்லிலிருந்து துறைத் தலைமைக்கும் அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்கும் போகிறது. தேர்வாணையத்தின் கருத்து கேட்கும் கட்டமும் உண்டு. கேட்டவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். கடைசியில் கையெழுத்திடுபவர் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன்மீது அவர் சொல்வதையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு 1993-இல் விதித்தது. அறிக்கையைக் கொடுக்கிறார்கள். அதற்கு அவர் எழுதும் பதினைந்து பக்கப் பதிலுக்கு, 'மனுதாரரின் விளக்கம் ஏற்புடையதாக இல்லை' என்ற நான்கு சொற்களில் இறுதி உத்தரவு வருகிறது. எந்த வாதம், ஏன் ஏற்புடையதல்ல என்று சொல்லாத உத்தரவு, கேட்காமல் போட்ட உத்தரவுக்குச் சமம்.

ஓய்வூதியம் அரசின் தயவில் கிடைக்கும் கொடை அல்ல என்று 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கும், 1982 டிசம்பர் 17-இல் நகரா வழக்கும் சொல்லிவிட்டன. அந்த டிசம்பர் 17-ஐத்தான் ஓய்வூதியர் சங்கங்கள் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன. ஜிதேந்திர குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில் 2013-இல், ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு காக்கும் சொத்து, விதியின் பலம் இல்லாமல் நிர்வாக உத்தரவால் நிறுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. பஞ்சாபில் ஓய்வுபெற்ற அலுவலர்களின் ஓய்வூதியத்தை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குறைத்ததை எர்ரி வழக்கில் 1972-இலேயே உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருக்கிறது. கடுமையான தவறு நிரூபணமானால்தான் வெட்டலாம், சில்லறைக் குறைகளுக்கு அல்ல என்பது 1990-இல் டி.வி. கபூர் வழக்கில் உறுதியானது.

உலகம் முழுக்க இன்று மேற்கோள் காட்டப்படும் இயற்கை நீதி வழக்கு ஒன்றும் ஓய்வூதியத்துக்காக நடந்ததுதான். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துத் தலைமைக் காவல் அதிகாரி சார்லஸ் ரிட்ஜ், சதி வழக்கில் விடுதலையான பின்னும், அவரைக் கேட்காமலே 1958-இல் நகரக் குழு அவரை நீக்கியது. முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். மீண்டும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவர் போராடவில்லை. ஓய்வூதியம் போகக் கூடாது என்பதற்காகத்தான் போராடினார். 1963-இல் பிரபுக்கள் சபை அந்த நீக்கம் செல்லாது என்றது. நம் நீதிமன்றங்கள் 1967-இல் பீணாபாணி தேய் வழக்கிலும் 1969-இல் கிரைபக் வழக்கிலும் நிர்வாக உத்தரவுகளுக்கும் இயற்கை நீதியை விரித்தது அந்தத் தீர்ப்புக்குப் பின்னர்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, லஞ்சம் வாங்கியவர்கள் ஓய்வுபெற்றதும் தப்பிவிட வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பட்டா மாறுதலுக்குக் கை நீட்டியவர், ஏழை முதியோரின் உதவித்தொகையில் பங்கு எடுத்தவர், ஓய்வுபெற்றுவிட்டதால் கனவான் ஆகிவிட மாட்டார். 2020-இல் மகாநதி கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில், விதி இடம் கொடுத்தால் ஓய்வுக்குப் பிறகும் விசாரணையைத் தொடர்ந்து பெரிய தண்டனையே கொடுக்கலாம், பணிக்கொடையை அதுவரை நிறுத்தலாம் என்று மூவர் அமர்வில் இருவர் தீர்ப்பளித்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உண்மையான குற்றவாளிக்கு மிகவும் பிடித்தமானது தாமதம்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சிகள் இறந்துபோவார்கள், கோப்பு காணாமல் போகும், உயர் நீதிமன்றத்தில் தாமதத்தைக் காட்டியே அவர் தப்புவார். பணம் சேர்த்தவருக்கு நிறுத்திவைத்த பணிக்கொடை ஒரு பொருட்டே அல்ல. சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டி, மகள் கல்யாணத்தை அந்தப் பணத்தை நம்பித் தள்ளிப்போட்டவரைத்தான் அது முறித்துப்போடுகிறது. முறையான, விரைவான விசாரணை நேர்மையான ஊழியரையும் அரசுக் கஜானாவையும் ஒருசேரக் காக்கும்.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது: ஓய்வுபெறும் நாளன்று மாலை தற்காலிகப் பணிநீக்க உத்தரவைக் கையில் கொடுப்பது. வீட்டில் பந்தல் போட்டு, அலுவலகத்தில் மாலையும் சந்தன மாலையுமாகப் பிரிவு உபசாரத்துக்குக் காத்திருப்பவர் அன்றிரவு ஓய்வுபெறாதவராக, பணியிலும் இல்லாதவராக வீடு திரும்புவார். அடிப்படை விதி 56-இன் கீழ் விசாரணை முடியும்வரை அவரைப் பணியில் வைத்துக்கொண்டதாகக் கணக்கு. இந்த நடைமுறை தவிர்க்கப்படும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் அறிவித்தார். தொடர்ந்து அரசாணையும் வந்தது. மனமார வரவேற்க வேண்டிய முடிவு. மனிதரை அவமானப்படுத்துவது நின்றது. குறிப்பாணையோடு ஓய்வுபெற்று, பணிக்கொடைக்காகக் காத்திருக்கும் வரிசை அதனால் நிற்கவில்லை.

அரசுத் துறைக்கு வெளியே நிலைமை இன்னும் குழப்பம். திண்டுக்கல் மாவட்டத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் செயலாளராகவும் நகை மதிப்பீட்டாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் 87-வது பிரிவில் தண்டத் தீர்வை வருகிறது. முன்னாள் பணியாளருக்கும் அது பொருந்தும். போக்குவரத்துக் கழகத்துக்கு வேறு விதி, மின்வாரியத்துக்கு வேறு. ஓய்வுக்குப் பின் விசாரணையைத் தொடர விதியே இல்லாத நிறுவனத்தில் அது தானாக முடிந்துபோகிறது என்று 1999-இல் பகீரதி ஜெனா வழக்கு சொன்னது. ஓய்வுக்குப் பிறகு நடவடிக்கையைப் புதிதாகத் தொடங்க முடியாது என்று 2024 நவம்பரில் பாரத ஸ்டேட் வங்கியின் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. தன் நிறுவனத்தின் விதியில் என்ன இருக்கிறது என்று ஓய்வுபெற்ற நடத்துநருக்கு யார் எடுத்துச் சொல்வது? ஊதிய நிர்ணயத்தில் துறையே செய்த தவற்றுக்குக் கடைசி மாதத்தில் லட்சக்கணக்கில் பிடித்தம் போடுவதும் இதே வகைதான். ஓய்வுபெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்பவரிடமும் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று ரஃபீக் மசி வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்திருக்கிறது. அதன் பிறகு, கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்று முன்கூட்டியே உறுதிமொழி எழுதி வாங்கிக்கொள்வதை அலுவலகங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்தது திண்டுக்கல்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முன் ஒரு ரிட் மனுவுக்குச் சென்னைக்கு ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும். இப்போது கிளை இருக்கும் ஒத்தக்கடைக்குக் காலையில் பஸ் ஏறினால் போதும். ஆனாலும் ஒவ்வொரு ஓய்வூதியரும் நீதிமன்றப் படி ஏறித்தான் தன் குறிப்புக் கோப்பின் நகலை வாங்க வேண்டும் என்றால், அந்த வழக்குச் செலவை அரசு அவர் மீது விதித்த முதல் தண்டனையாகவே எண்ண வேண்டும். விசாரணை முடிவதற்குள் அவர் இறந்தால் நடவடிக்கையும் முடிந்துபோகும். அவர் பெயர்மேல் விழுந்த கறைக்குப் பதில் சொல்லும் வாய்ப்பும் அத்தோடு போகும்.

கேட்பது அதிகமில்லை. ஓய்வுக்கு ஆறு மாதத்துக்குள் கொடுக்கும் எந்தக் குறிப்பாணையோடும், தொடர்புடைய குறிப்புக் கோப்பு முழுவதன் நகலும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும். கொடுக்காத ஆவணத்தைத் துறை பயன்படுத்தக் கூடாது. குறிப்பாணை வழங்கிய நாளிலேயே அந்தக் கோப்புகளை அழிக்கத் தடை விதிக்க வேண்டும். விசாரணை அவர் குடியிருக்கும் மாவட்டத் தலைநகரில், அல்லது அவர் ஒப்புக்கொண்டால் காணொலியில் நடக்கட்டும். விசாரணை அலுவலர் அந்த அலுவலகத்தின் மேல்வரிசையில் இருந்தவராக இருக்கக் கூடாது. திண்டுக்கல்லிலேயே ஓய்வுபெற்ற சார்பு நீதிபதிகள் இருக்கிறார்கள். ஊழியர் காரணமல்லாமல் ஓராண்டு தாண்டினால் பணிக்கொடையை வட்டியோடு விடுவிக்க வேண்டும். விசாரணை வேண்டுமானால் அதன் பிறகும் நடக்கட்டும். இதற்குச் சட்டமன்றத்தில் மசோதா வேண்டியதில்லை. ஓய்வூதிய விதிகள் அரசியலமைப்பின் 309-வது பிரிவின் கீழ் ஆளுநர் பெயரில் வெளியிடப்பட்டவை. 9-வது விதியில் ஒரு துணைவிதியைச் சேர்க்க அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும்.